சிவசிவ என்று பேர் வைத்த பாட்டுகள்

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொல்கிறேன். பிள்ளை உள்ளே அத்தை பக்கத்தில் தூங்குகிறான்.

நான் மடத்து அடுக்களையில் வேலை பார்க்கிறேன். அங்கே குரு நாச்சியார் அம்மா. அவருடைய சீடர் தணிகாசலம் ஐயா பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் ரொம்பப் பெரியவர்.

மடத்தில் கல்யாணம் என்றால் அந்த ஜோடிக்கென்று அம்மா ஒரு வாழ்த்துப் பாட்டு கட்டுவார். கண் பட்டுவிடும் என்று அதில் பேர் சொல்லும் வழக்கம் இல்லை. பாட்டை வாசித்த பிறகுதான் தாலி. அம்மா சொல்லச் சொல்ல ஐயா கம்ப்யூட்டரில் டைப் செய்து வைப்பார். ஒரு தடவை சொன்னதை அம்மாவுக்கு மறுபடி சொல்ல வராது.

அன்றைக்குச் சுடலைமுத்துவுக்கும் வேலம்மாளுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். மேளக்காரர் வந்தாச்சு, பொண்ணும் மணையில் உட்கார்ந்தாச்சு. பாட்டைத்தான் காணோம்.

ஐயாவுக்கு ஒரு பழக்கம். எதை எழுதினாலும் முதலில் சிவசிவ என்று போடுவார். ஃபைலுக்கும் அதே பேர்தான். சிவசிவ, சிவசிவ புதியது, சிவசிவ மிகப் புதியது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து மாற்றியதில் தேதியும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிட்டது.

காலையிலேயே இலவசமாகக் கிடைக்கிற ஒரு தேடும் சாஃப்ட்வேரை இறக்கினார். அது பேரை மட்டும் பார்க்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் அத்தனை சிவசிவாவையும் கொண்டுவந்து கொட்டியது. இன்னொன்றை இறக்கினார். அது ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, எந்தச் சொல் எதில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுமாம். அது குறித்து முடிக்கிறவரை ஐயா விரலைச் சொடுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு 'வாழ்க' என்று தேடினார். எல்லாப் பாட்டும் வந்து நின்றது.

"பெரியவரே, நல்ல நேரம் போகுது! பொண்ணு மனசு மாறிடப் போகுது!" என்று பந்தலில் யாரோ கத்தினார்கள்.

ஐயா அம்மாவிடம் ஓடினார். "அம்மா, மூணாவதா ஒண்ணு இறக்கட்டுமா? ஓசியில கிடைக்கிறதுல எது நல்லதுன்னே தெரியல."

அம்மா முற்றத்தில் வந்து நின்று, "சிவசிவ!" என்று உரக்கக் கூப்பிட்டார்.

மேளக்காரர் எழுந்தார். மாப்பிள்ளை கும்பிட்டான். நான் கரண்டியும் கையுமாக ஓடினேன். பந்தல் முழுக்க "சிவசிவ!" என்றது.

"ஐயா, நான் யாரைக் கூப்பிட்டேன்?"

"எல்லாருமே வந்துட்டாங்களேம்மா."

"எனக்கு வேண்டியது பூக்காரர் மட்டும்தான்."

ஐயா தலையைச் சொறிந்தார்.

"வேற எந்தப் பாட்டுலயும் இல்லாதது இதுல என்ன இருக்கு?"

ஐயா நெளிந்தார். "அந்தச் சொல்லும்மா."

"எந்தச் சொல்?"

"அன்னைக்கே சொன்னேனே, மங்களப் பாட்டுல அது வேண்டாம், எடுத்துடலாம்னு."

"எடுத்துட்டீங்களா?"

"நீங்கதான் இருக்கட்டும்னுட்டீங்களே!"

"அதைத் தேடுங்க."

ஐயா கூச்சத்தோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பஞ்சர்.

ஒரே ஒரு ஃபைல் வந்தது. சிவசிவ மிக மிகப் புதியது.

ஐயா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, மூச்சு வாங்க அவரே வாசித்தார்.

"ஊரார் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டும் கையே, இவள் முகம் வாடும் நாளில் காற்று நிரப்பு!"

பந்தல் சிரித்தது. குனிந்திருந்த வேலம்மாள் தோள் குலுங்கியது. அப்புறம் நிமிர்ந்து வாய்விட்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே மேளம் கொட்டி, தாலி ஏறியது.

சாப்பாடு முடிந்ததும் ஐயா அம்மாவிடம் வந்தார். "அந்த ரெண்டாவது சாஃப்ட்வேரையே வச்சுக்கிறேம்மா. ஆனா ஃபைலுக்கு இனிமே என்ன பேர் வைக்கட்டும்?"

"எந்தச் சொல்லை எடுத்துடணும்னு உங்க கை துடிக்குதோ, அதையே வைங்க ஐயா."

ஐயாவுக்குக் காது சிவந்துவிட்டது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேனா, அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பி...

"வடிவு! பிள்ளை எழுந்துட்டான் பாரு!"

இதோ வந்துட்டேன் அத்தை, கீரை இன்னும் பாதி கிடக்கு...