ஒரு முழத்தில் நின்ற கார்

திம்பம் மலைமேல் ஆசிரமம் வைத்திருந்த ஞானாம்பாள் அம்மாவுக்குப் புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார் நாச்சிமுத்து. அம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்த சீடர். மில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பார்க்காமல் எதற்கும் தலையாட்ட மாட்டார். அம்மா ஓட்டும் பழைய காரை மாற்றியே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றார்.

"பழசு ஐம்பது குதிரைத்திறன். இது நூத்திப் பத்துங்கம்மா."

"சரிங்க."

"பழசுல ஏர்பேக் ஒண்ணுகூட இல்லை. இதுல ஆறு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு, ஏபிஎஸ்ஸு. எப்படி மிதிச்சாலும் சறுக்காது."

பெண்ணுக்கு வரன் காட்டும் தரகர்கூட இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

"இன்னும் என்னங்கம்மா யோசனை? எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க."

"ஓட்டிக் காட்டுங்க" என்று அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. இறக்கத்தில் வண்டி பறந்தது. வளைவுக்கு வளைவு வேகத்தைச் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த வளைவு திரும்பினால், நடுரோட்டில் யானைக்குட்டி!

மிதித்தார். வண்டி இம்மியும் சறுக்கவில்லை. குட்டிக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு முழம். ஐயோ, ஒரே முழம்!

காட்டுக்குள்ளிருந்து தாய் வந்தது. கண்ணாடி முழுக்க யானையாகிவிட்டது. வானமும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. தும்பிக்கை பானெட்டைத் தடவியது, சூட்டை மோந்து பார்த்தது. அம்மா மெல்லக் கைநீட்டி இன்ஜினை அணைத்தார். யானை மூச்சு விடுவது கேட்டது.

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை பெரியதை இத்தனை கிட்டத்தில் அவர் ஆயுசில் பார்த்ததில்லை. கும்பிட வேண்டும்போல் இருந்தது, கை எழவில்லை. யானை குட்டியைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டது. அவசரமே படாமல் பள்ளத்தில் இறங்கி மூங்கிலுக்குள் போய்விட்டது.

நாச்சிமுத்து அம்மா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா... பழசா இருந்திருந்தா நின்னிருக்குமா? இந்நேரம் குட்டியை அடிச்சுப் போட்டிருப்பனே!"

அம்மா ஆடும் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க. ஆனா, பழசா இருந்திருந்தா நீங்க இத்தனை வேகத்துல வந்திருக்க மாட்டீங்க."