எண்ணிக்கையில் விடுபட்ட தவிட்டுக்குருவி

ஒரு கொய்யா மரத்தடிச் சுவரின் பொந்தில் வெடுக்கி என்றொரு அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். எதையும் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவதால் தோட்டத்துப் பறவைகள் அவளுக்கு வைத்த பெயர் அது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்!

அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி கோமளவல்லி அம்மா. பறவைகள் என்றால் உயிர். கொய்யாக் கிளையில் ஒரு மண்தட்டைக் கம்பியில் தொங்கவிட்டு, தினமும் கம்பும் தினையும் நொய்யும் போடுவார். ஏழு தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, கூச்சலும் கும்மாளமுமாகச் சாப்பிடும். அவை வருவதற்குள் வெடுக்கி பாதித் தட்டைக் காலி செய்திருப்பாள்.

கோமளவல்லி அம்மா விடுவாரா? ஒருநாள் தானியத்தில் மிளகாய்த்தூளைக் கலந்தார். குருவிகளுக்குக் காரமே உறைக்கவில்லை. வெடுக்கிதான் கண்ணில் நீர் வழியத் தும்மித் தீர்த்தாள். அடுத்த நாள் கம்பியில் விளக்கெண்ணெயைத் தடவினார். வெடுக்கி வழுக்கிக்கொண்டு போய்ப் பொத்தென்று விழுந்தாள். கடைசியில் தட்டுக்கு மேலே ஒரு தகரக் குடையையே மாட்டிவிட்டார். அதில் கால் வைத்தால் நிற்காது.

"கெட்டிக்கார பொம்பளதான்!" என்று வெடுக்கியே வியந்து போனாள்.

ஆனால் வியப்பு வயிற்றை நிரப்புமா? கொய்யாப் பருவம் முடிந்துவிட்டது. பால்குடி மறந்த குட்டிகள் இரண்டும் பொந்தில் பசி பசி என்று நச்சரித்தன. தட்டுக்குக் கீழே குருவிகள் சிந்திய தானியம் நிறையக் கிடந்தது. வெடுக்கி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சிந்தினதைப் பொறுக்கித் தின்ன நான் என்ன கோழியா?" என்றாள்.

அவள் கண்ணில் வேறு வழி பட்டது. துணி காயப்போடும் கொடியில் ஓடி, நடுவிலிருந்து ஒரே தாவாகத் தாவினால் குடைக்குக் கீழே தட்டில் போய் இறங்கிவிடலாம்! குறுக்கே இருந்தது ஒரே ஒரு தொல்லை.

தவிட்டுக்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பசியென்றாலும் ஏழும் சேர்ந்து சாப்பிடாது. ஆறு கீழே சாப்பிட, ஒன்று உயரத்தில் வெறும்வயிறாகக் காவல் இருக்கும். முறை மாற்றி முறை இருக்கும். வெடுக்கி கொடியில் கால் வைத்ததுமே காவல்காரக் குருவி "கீ கீ கீ" என்று கத்திவிடும். உடனே கோமளவல்லி அம்மா கைதட்டி விரட்டுவார்.

பொங்கலுக்கு மறுநாள் வந்தது. ஊரெல்லாம் பறவை ஆர்வலர்கள் அவரவர் தோட்டத்துப் பறவைகளை எண்ணும் நாள். கோமளவல்லி அம்மா தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு, தட்டுக்கு வரும் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. ஆறு கொட்டைகள் விழுந்தன. அவர் பார்வை தட்டைவிட்டு மேலே போகவே இல்லை.

இதைப் பார்த்த வெடுக்கிக்கு ஒரு யோசனை உதித்தது. விறுவிறுவென்று முருங்கை மரத்தில் ஏறினாள். இலை உதிர்ந்த உச்சிக் கிளையில் புழுதி என்ற குருவி காவல் இருந்தது.

"புழுதி அண்ணே, சங்கதி தெரியுமா? அந்தம்மா எல்லாரையும் எண்ணுறாங்க. உங்களை மட்டும் விட்டுட்டாங்க!"

"விட்டா விட்டுட்டுப் போறாங்க."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? ஆறு பேரும் வயிறு முட்டத் தின்னுட்டுக் கணக்கிலயும் சேர்ந்துட்டாங்க. நீங்க பட்டினியா வெயில்ல காயறீங்க. இந்த ஊர்லயே நீங்க இல்லைன்னு ஆயிடுச்சே! ஒரு நிமிஷம் இறங்கித் தலையைக் காட்டிட்டு வாங்க!"

"இன்னைக்கு என் முறை, தங்கச்சி. என்னை எண்ணுறதுக்காகவா இங்க உட்கார்ந்திருக்கேன்? சும்மா பேச்சுக் குடுக்காத, பார்வை தப்பிடும்."

வெடுக்கிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. 'பிழைக்கத் தெரியாத ஜென்மம்!' என்று முணுமுணுத்தபடி இறங்கினாள். கத்தினால் கத்தட்டும் என்று துணிந்து கொடியில் ஓடினாள். தாவினாள். தட்டில் வந்து விழுந்தாள்!

ஆச்சரியம்! புழுதி கத்தவே இல்லை.

"பேசியே ஆளைக் கவுத்துட்டேன்!" என்று வாய்கொள்ளாமல் அள்ளி அடைத்துக்கொண்டாள்.

புழுதி கத்தாததற்குக் காரணம் வேறு. அதன் கண் அப்போது வானத்தில் இருந்தது. அங்கே ஒரு வல்லூறு!

மறுகணம், கோமளவல்லி அம்மா கைதட்டுவதற்குள், புழுதியின் அலறல் தோட்டத்தையே உலுக்கியது. ஆறு குருவிகளும் மருதாணிப் புதருக்குள் பாய்ந்து மறைந்தன. தகரக் குடைக்குக் கீழே இருந்த வெடுக்கிக்கு வானம் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த பயம் தெரிந்தது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத் தரையில் குதித்தாள். முதுகை ஒட்டிக் காற்று சீறியது. வாலிலிருந்து ஒரு கொத்து மயிர் போனது. அவள் துவைக்கும் கல்லின் அடியில் நுழைந்துவிட்டாள்.

அங்கிருந்து பார்த்தவள் உறைந்து போனாள். புழுதி இன்னும் அந்த மொட்டைக் கிளையிலேயே இருந்தது! வெடுக்கி பத்திரமாகப் பதுங்கும் வரை அது கத்துவதை நிறுத்தவில்லை. ஏமாந்த வல்லூறு அதன் மேல் பாய்ந்தது. கடைசி நொடியில் புழுதி கல்லைப் போல் கீழே விழுந்து, காகிதப்பூச் செடியின் முள்ளுக்குள் புகுந்துகொண்டது. வல்லூறின் காலில் நாலு வால் இறகுகள்தான் சிக்கின.

வானம் அமைதியானதும் வெடுக்கி மெல்லப் புழுதியிடம் போனாள்.

"அண்ணே, நான் உங்க சாப்பாட்டைத் திருட வந்தவ. எனக்காக ஏன் கத்துனீங்க?"

"தட்டுல யார் இருந்தாங்கன்னு நான் பார்க்கல. மேல யார் வர்றான்னுதான் பார்த்தேன்" என்றது புழுதி. பாதி வாலோடு பறந்துபோய் மறுபடி உச்சிக் கிளையில் உட்கார்ந்துகொண்டது. முறை இன்னும் முடியவில்லையாம்!

குருவிகள் ஒளிந்த புதரையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கிண்ணத்தில் இன்னும் ஆறு கொட்டைகளே கிடந்தன. அதை வெடுக்கியால் பொறுக்க முடியவில்லை. முருங்கை மரத்தில் ஏறி, புழுதியின் பக்கத்தில் நின்று, வாலை ஆட்டி "கிச் கிச் கிச்" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"மறுபடியும் நீயா?" என்று கைதட்டியபடி நிமிர்ந்தார் கோமளவல்லி அம்மா. தட்டிய கை அப்படியே நின்றது.

"அடடே! மேல ஒருத்தன் காவலுக்கு இருக்கானா? உன்னை எப்படிப்பா விட்டேன்!"

ஏழாவது புளியங்கொட்டை கிண்ணத்தில் விழுந்தது.

"அண்ணே, நீங்க இறங்கிச் சாப்பிடுங்க. இப்ப என் முறை" என்றாள் வெடுக்கி.

புழுதி அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு இறங்கிப் போனது. ஏழு தவிட்டுக்குருவிகளும் ஒரே தட்டில் ஒன்றாகச் சாப்பிட்டது அன்றுதான். அவை எழுந்து போன பிறகு வெடுக்கி குட்டிகளைக் கூட்டிவந்து, கீழே சிந்தியதைப் பொறுக்கி ஊட்டினாள். மூன்று வயிற்றுக்கும் அது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

நாம் நிம்மதியாகச் சாப்பிடுவது யாரோ ஒருவர் பசியோடு காவல் நிற்பதால்தான். அவரையும் சேர்த்து எண்ணுவதே சரியான கணக்கு.