இன்னும் எத்தனை இணைப்பு

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில், குறைமாதப் பிள்ளைகள் இருக்கும் வார்டில் ஒரு கேமரா உண்டு. வீட்டுக்குப் போய்விட்ட தாய்மார் போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கான பைத்தான் ப்ரோகிராமை எழுதியவர் தேவசகாயம். பேங்க் வேலையை விட்டுவந்து, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைக் கவனித்துவந்த, தன்னைவிட வயதில் சிறிய சிஸ்டர் அனன்சியாவிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தார்.

அன்று காலையிலிருந்து படம் பலருக்கு வரவில்லை. மலை ஊரிலிருந்து மரகதவல்லி என்ற தாய் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். போன் கறுப்பாக இருக்கிறது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்றாள். பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது என்று அவர் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம்.

ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் திறந்திருக்கலாம் என்று கணினியில் ஒரு வரம்பு. அது நிரம்பியிருந்தது. தேவசகாயம் ப்ரோகிராமில் ஒரு வரி சேர்த்து வரம்பை இரண்டு மடங்காக்கினார். படம் வந்தது. மத்தியானம் மறுபடி நின்றது.

"இன்னும் எவ்வளவு ஏத்தட்டும், சிஸ்டர்?"

சிஸ்டர் திரையை ஒரு தரம் பார்த்தார். வார்டு வாசலில் ஆள் இல்லை, உள்ளே போகிற தாய்மாருக்குப் பச்சை அங்கி கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கொடுத்தார். அங்கி தீர்ந்தது. சலவைக்கூடத்துக்கு ஓடி ஒரு கட்டு தூக்கிவந்தார். அதுவும் தீர்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டே பேர். மற்றவர்கள் கேன்டீனில் பச்சைப் பச்சையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அங்கியோடேயே பஸ் ஸ்டாப்பில் நின்றாள்.

"எனக்கே குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன், சார். நல்லாருக்குல்ல?"

வெளியே வரும்போது கழற்றிக் கூடையில் போடச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

தேவசகாயம் வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குத் திரும்பினார். சிக்னல் போய்ப் போய் வரும் ஊர்கள். பயந்த தாய் நிமிஷத்துக்கு ஒரு தரம் புதிதாகத் திறப்பாள். பழைய இணைப்பை அவருடைய ப்ரோகிராம் மூடுவதே கிடையாது. மூடும்படி எழுதினார்.

மரகதவல்லிக்குப் படம் வந்தது. பிள்ளை கொட்டாவி விட்டதாம். அழுகையும் சிரிப்புமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் பெருமையோடு வரம்பைப் பழையபடி குறைக்கப் போனார். சிஸ்டர் தடுத்தார்.

"குறைக்காதீங்க. இன்னும் நல்லா ஏத்துங்க."

"ஏன் சிஸ்டர்? அதான் ஓட்டைய அடைச்சாச்சே."

"சொந்தக்காரங்களும் பாக்கலாம்னு டாக்டரம்மா இப்பத்தான் சொன்னாங்க. மரகதவல்லிக்கு மட்டும் ஏழு நாத்தனாராம், சார்."