ஒன்பதாயிரம் படத்துக்கு ஒரு ரசீது

எல்லைச் சோதனைச் சாவடியில் துரைசிங்கம் என்கிற அதிகாரிக்குப் பயப்படாத பயணியே கிடையாது. அன்று அவர் கையில் மாட்டியது, கைக்குழந்தையோடு வந்த பிலோமினாவின் போன்.

"பாஸ்வேர்டைச் சொல்லு. உள்ளே இருக்கிற படம் அத்தனையும் எடுத்துக்கணும். போன் ஆறு மாசம் கழிச்சு வரும்."

கணவனின் புது விலாசமே அந்தப் போனில்தான் இருந்தது. பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். அதிகாரியின் தலைக்கு மேல் தொங்கிய விதிப் பலகையைப் படித்துவிட்டுப் பணிவாகச் சொன்னாள்: "தாராளமா எடுத்துக்கோங்க சார். எடுக்கிற ஒவ்வொண்ணையும் விவரமா எழுதி, கையெழுத்துப் போட்டு ரசீது தரணும்னு போட்டிருக்கே. மொத்தம் ஒன்பதாயிரம் படம். நான் காத்திருக்கேன்."

துரைசிங்கம் வீம்புக்கு எழுத ஆரம்பித்தார். வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. மேலதிகாரி ஓடிவந்து, ரசீதைப் பிடுங்கி உரக்கப் படித்தார்.

"இருநூற்றுப் பத்து, குழந்தை தூங்குகிறது. இருநூற்றுப் பதினொன்று, அதே குழந்தை, அதே தூக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு, ஈறு வீங்கியிருக்கிறது, பல் வரலாம். ஏன்யா, நீ அதிகாரியா, ஆயாவா? போனைக் கொடுத்து அனுப்பு."

வரிசையே சிரித்தது. போனை நீட்டிய துரைசிங்கம், குழந்தையின் மோவாயைத் தொட்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, கடைசியில அந்தப் பல் வந்துச்சா?"

குழந்தை அந்த விரலைக் கடித்தே காட்டியது.