ரிப்பேர்காரர்களுக்கு நாங்கள் வைத்த பரீட்சை

கிளாரன்ஸ் அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், ஒரு புதன்கிழமை மத்தியானம். ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டே சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு எங்கள் மூவரையும் கட்டிலருகே கூப்பிட்டார். பொன்மலையில் அவர் நடத்திய மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன் வாசித்த அருளப்பன், பாட்டுப் பாடிய சித்திரைவேல், கொங்கோ தட்டிய நான்.

"கிட்டார் ரெண்டு மாசமா ஊமையாக் கிடக்கு. மேக்ஸின் கல்யாணத்துக்கு அது பாடணும். நல்ல கைகாரனாப் பாத்துக் குடுங்கடா. சோதிச்சுப் பாக்காம மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

சனிக்கிழமை அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்ததும் மகள் மேக்ஸின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாதான் இருக்க மாட்டாரு. அவர் கிட்டார் சத்தமாவது கல்யாணத்துல இருக்கணும் அங்கிள். நானே வாசிக்கிறேன்."

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. எங்களைத் தவிர வேறு யாருக்கும் அது போதும்.

அது அறுபதுகளில் கப்பலில் வந்த எலக்ட்ரிக் கிட்டார். அண்ணன் கைவைக்காத இடம் அதில் இல்லை. சுவிட்ச் போன இடத்தில் டியூப்லைட் சுவிட்ச் போட்டிருந்தார். குமிழ்கள் பழைய வால்வு ரேடியோவினுடையவை. தோளில் ஒரு சைக்கிள் பெல்.

நாங்கள் கூடி உட்கார்ந்து யோசித்தோம்.

"சோதிக்கறதுன்னா எப்படி?" என்றேன்.

"கிட்டாரைக் காட்டி, என்ன கோளாறுன்னு கேக்கணும்" என்றான் அருளப்பன்.

சித்திரைவேல் சிரித்தான். "அவன் சொல்றது சரியா தப்பான்னு உனக்கு எப்படிடா தெரியும்? கேள்வி கேக்கறவனுக்கு விடை தெரிஞ்சிருக்கணும். நமக்கு விடை தெரிஞ்ச கோளாறு ஒண்ணு வேணும்."

அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. ஆகவே செய்துகொண்டோம். கிட்டாரின் பின் தகட்டைக் கழற்றி, பிளேடால் ஒரு ஒயரை நான் அறுத்தேன். 'பச்சை ஒயர்' என்று தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டினோம்.

"இருக்கற கிட்டாரையும் கெடுத்தாச்சா?" என்றாள் என் மனைவி சொர்ணம். பரீட்சை முறை அவளுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

பாலக்கரையில் ஒரு ரேடியோக்காரர் தகட்டைத் திறந்த கையோடு சொன்னார்: "பச்சை ஒயர் அறுந்திருக்கு. உக்காருங்க, ஈயப் பத்து வெச்சுத் தர்றேன்."

சித்திரைவேல் கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

"ரெண்டு நிமிஷத்துல சொல்றான்னா கேள்வி சுலபம்னு அர்த்தம். சுலபமான கேள்வியில பாஸானவனை நம்பி அண்ணன் கிட்டாரைக் குடுக்கறதா?"

நியாயமாகப் பட்டது. பச்சை ஒயர் கேள்வி வெளியே தெரிந்துவிட்டபடியால், அடுத்தவருக்கு மஞ்சள் ஒயரை அறுத்தேன். அவரும் சொன்னார். அதற்கடுத்தவருக்கு கறுப்பு. இப்படி ஐந்து பேர், கவருக்குள் ஐந்து விடை. ஐந்து பேரும் பாஸ். யாரிடமும் கிட்டாரைக் கொடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, அறுக்க ஒயர் தீர்ந்துபோனது. சொர்ணம் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, சந்தைக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஜெசிந்தாவிடம் போனாள். நாங்கள் கவரோடு பின்னால் ஓடினோம்.

"என்ன கம்ப்ளைண்ட்?" என்றாள் ஜெசிந்தா.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றான் அருளப்பன்.

"ஜோசியம் பக்கத்துக் கடை."

தகட்டைத் திறந்தவள் விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "அஞ்சு ஒயர் அறுத்திருக்கு. எல்லாம் ஒரே பிளேடு. அறுத்த ஆளு இடதுகைப் பழக்கம்."

நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை சொர்ணத்தோடு போனபோது கிட்டார் தயாராக இருந்தது. ரிப்பேர் என்றால், மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். சித்திரைவேல் கறாராகக் கேட்டான்.

அவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே ஒரு செத்த எறும்பு.

"சுவிட்சுக்குள்ள நசுங்கி ஒட்டிக் கிடந்துச்சு. இதுதான் முதல் கோளாறு. மத்த அஞ்சும் உங்க புண்ணியம்."

வெளியே வந்து கவரைப் பிரித்துச் சரிபார்த்தோம்.

"விடை அஞ்சு. அவ சொன்னது ஆறு" என்றான் அருளப்பன். "எறும்பு நம்ம கேள்வியிலேயே இல்லையே."

"அப்ப ஒண்ணு தப்பு" என்றான் சித்திரைவேல்.

"ஃபெயிலா?"

"கல்யாணம் முடிஞ்சு மார்க்கு போடுங்க" என்று சொர்ணம் கிட்டாரை வாங்கிக்கொண்டு போய் மேக்ஸினிடம் கொடுத்துவிட்டாள்.

கல்யாண விருந்தில் மேக்ஸின் வெள்ளை கவுனோடு நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள். கண்ணை மூடினால் கிளாரன்ஸ் அண்ணன்தான். நடுவில் ஒரு முறை சைக்கிள் பெல்லையும் அடித்தாள். சொர்ணம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் அழுதேன். சித்திரைவேல் என் காதருகே குனிந்தான்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா, எறும்பாலதான் கெட்டுச்சுன்னு என்ன நிச்சயம்?"

மறுநாள், அவள் ஊருக்குக் கிளம்பும் முன் துடைத்துத் தருகிறோம் என்று மேக்ஸினிடம் கிட்டாரை வாங்கினோம். சுவிட்சைக் கழற்றி எறும்பை அதே இடத்தில் வைத்தோம். மீட்டினோம். சத்தமே இல்லை.

"பாஸ்!" என்று மூவரும் எழுந்து கைதட்டினோம்.

அதன் பிறகு எறும்பை எடுக்கத் தெரியவில்லை. நல்ல ரிப்பேர்காரர் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு ஜெசிந்தா கடைக்கே போனோம். இந்த முறை அவள் என்ன கம்ப்ளைண்ட் என்று கேட்கவில்லை.

மேக்ஸின் கிட்டாரோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டாள். இப்போது அருளப்பன் இல்லை, சித்திரைவேலும் இல்லை. சொர்ணம் போய் ஒன்பது வருஷமாகிறது. அவளுடைய பொட்டு டப்பாவில் அந்த எறும்பு இருக்கிறது. கால் ஐந்துதான். ஆறாவது கிட்டாரோடு போயிருக்க வேண்டும்.