சாமி நின்ற வாசல்

கேளுங்கள் மக்களே, பெற்றவரை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னே கடம்பங்குடியில் சாத்தப்பன் என்றொரு மிளகு வணிகன் இருந்தான்.

அந்த ஊர் முருகன் வருடம் ஒருமுறை பல்லக்கில் வீதி வருவார். ஒரே ஒரு வீட்டு வாசலில்தான் நின்று பூசை ஏற்பார். பன்னிரண்டு வருடம் காத்திருந்து சாத்தப்பனுக்கு முறை வந்தது. விடுவானா?

வீட்டை மூன்று முறை கழுவினான். மூன்று முறை மெழுகினான். மூன்று முறை சாம்பிராணி போட்டான். அப்படியும் மூக்கைச் சுளித்தான். முன்கட்டில் அவன் அப்பா வள்ளியப்பன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பாயிலேயே எல்லாம் போய்விடும், பாவம்.

முதல் நாள் அவரை இரண்டாம் கட்டுக்கு மாற்றினான். வாடை போகவில்லை. மறுநாள் பின்கட்டுக்கு மாற்றினான். அப்போதும் போகவில்லை. மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டிலில் கொண்டுபோய்ப் போட்டான். அடப்பாவி, பெற்ற அப்பனையா!

மேளதாளத்தோடு முருகன் வந்து வாசலில் நின்றார்.

"வீட்டுக்கு மூத்தவர் கையாலதான் பூசைத் தட்டு வாங்கணும். அப்பா எங்கேப்பா?" என்றார் குருக்கள்.

வழக்கம் சாத்தப்பனுக்கும் தெரியும். பொய்யைத் தயாராகவே வைத்திருந்தான். "தங்கச்சி வண்டி கட்டித் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா சாமி, சத்தியமா!" என்று எரிகிற கற்பூரத்தின் முன்னால் கூசாமல் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்து ஒரு குரல். "சாத்தப்பா, மேளம் கேக்குதே, முருகன் வந்துட்டானா?"

ஊரே கொல்லைக்கு ஓடியது. வைக்கோலில் கிடந்த கிழவர் எல்லார் முகத்தையும் பார்த்தார், மகன் முகத்தையும் பார்த்தார். புரிந்துவிட்டது.

"என் பிள்ளையை யாரும் வையாதீங்க. நான்தான் இங்கே போடச் சொன்னேன். சாமி வர்ற வீடு நாறலாமா?" என்றார்.

மகன் சொன்னதும் பொய், அப்பன் சொன்னதும் பொய். இரண்டும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்!

சாத்தப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். "இல்லை சாமி, அவர் சொல்றது பொய். நாறுதுன்னு நான்தான் கொண்டுவந்து போட்டேன்" என்று ஊர் கேட்க அழுதான்.

முருகன் வாசலில் காத்து நிற்க, அப்பாவைத் தன் கையால் குளிப்பாட்டினான். புது வேட்டி கட்டித் தூக்கி வந்தான். கிழவரின் கையிலிருந்து குருக்கள் தட்டை வாங்கினார். தீபம் காட்டியபோது ஊரே கைகூப்பியது. சாத்தப்பன் மட்டும் வெட்கத்தில் தலை நிமிரவே இல்லை.

பெற்றவரை அழுக்கென்று ஒதுக்கிய வீடு எத்தனை முறை கழுவினாலும் தெய்வம் தங்கும் வீடாகாது.