மூட்டத்தில் விட்ட கம்பி

காத்தமுத்து லாரியை விட்டுவிட்டு மடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. லாரிதான் போனதே தவிர அவசரம் போகவில்லை. "தீட்சை எப்போ சாமி?" என்று குருநாதரை வாரம் தவறாமல் நச்சரிப்பான்.

"இந்தக் கரிமூட்டத்தைப் பார்த்துக்க. அது ஆறட்டும், பேசுவோம்" என்றார் அவர்.

சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்திருந்தார்கள். மடத்து அடுப்புக்கு ஆறு மாதக் கரி அது. புகை அடங்கி ஆறும்வரை மண்ணைத் தொடக்கூடாது.

ஐந்தாம் நாள் காத்தமுத்துவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. "வெந்துச்சான்னு பார்த்தா குடியா முழுகிரும்?" என்று ஒரு கம்பியை உள்ளே விட்டான்.

குடி முழுகித்தான் போனது. காற்று புகுந்து குபீரென்று பற்றிக்கொண்டது. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டும் அடங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அத்தனை விறகும் சாம்பல்.

கம்பியும் கையுமாக அழுதுகொண்டே குருநாதர் முன் போய் நின்றான். அவர் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

"லாரியில என்ன ஏத்துவே?" என்று கேட்டார்.

"நிலக்கரி சாமி."

"அது எப்படி வந்துச்சு?"

"பூமிக்குள்ள கிடக்கு. தோண்டி எடுக்கிறாங்க."

"சும்மா வந்து கிடக்கலப்பா. மனுஷனே இல்லாத காலத்துல சதுப்புல ஒரு காடு நின்னுச்சு. மரமெல்லாம் சேத்துல விழுந்துச்சு. தண்ணியும் சேறும் மூடி, காத்துப் படல. அதனால முழுசா மக்கிப் போகல. மேல மேல மண்ணு சேர்ந்து அமுக்குச்சு. கீழ பூமியோட சூடு. யாரும் நெருப்பு வைக்கல. கோடிக்கணக்கான வருஷம் அழுந்தித்தான் கரியாச்சு."

"டீசலு?"

"அதுவும் புதைஞ்சதுதான். கடல்ல மிதந்த கண்ணுக்குத் தெரியாத உசுருங்க செத்து அடியில படிஞ்சு, மண்ணு மூடி, எண்ணெயாச்சு. உன் டேங்க் எத்தனை நாளைக்கு வரும்?"

"ரெண்டு நாள்" என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

கையிலிருந்த கம்பியைப் பார்த்தான். பிறகு, "அத்தனை கோடி வருஷமும் யாரு சாமி காவல் இருந்தது?" என்று கேட்டான்.

"யாருமில்ல. எட்டிப் பார்க்கவும் ஆளில்ல."

காத்தமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அப்போ என் தீட்சை எப்போ சாமி?"

குருநாதர் கையை நீட்டினார்.

"அந்தக் கம்பியை இங்க குடு."